காளை தின்னும் புல்

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் காளைக்கு வந்த மவுசை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வரவேற்பறைகளில் காளைப் படம், காரின் பின்கண்ணாடியில் காளை, பனியனிலேயே காளை, கல்யாணப் பத்திரிகையில்கூடக் காளை. திமிலைப் பற்றியும் கொம்பின் வளைவைப் பற்றியும் பேசாதவர்கள் இல்லை. கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் நிறம் மாறும் அதிசயத்தை, மாட்டுக்கொட்டகைக்குள் கால் வைத்திராதவர்கள் எனக்கே எடுத்துச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் காளை எதைத் தின்று அப்படி ஆகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொழுக்கட்டைப்புல் என்று சொல்லியிருப்பேன். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று என் மனைவி அவர்களை எச்சரித்தும் இருப்பாள். கேட்காதவர்களுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடையில் இருக்கிறது. காங்கேயத்தில் தொடங்கி, தாராபுரம், கன்னிவாடி, அந்தப் பக்கம் அரவக்குறிச்சி வரை நீளும் மேட்டுப் பூமி. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையைக் கேரளத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வரும். வந்த கையோடு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றாலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். நிலத்தில் செம்மண்ணும் சரளையும், கொஞ்சம் தோண்டினால் சுக்கான் கல்லும். இப்படிப்பட்ட மண்ணில் ஆண்டுதோறும் உழுது விதைத்துத் தோற்பதைவிட, ஒருமுறை விதைத்து ஆண்டுதோறும் மேய்ப்பது மேல் என்று எங்கள் ஆட்கள் எப்போதோ முடிவு கட்டினார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கொறங்காடு. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் புலி இருக்குமா என்று கேட்பார்கள். கொங்குப் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம், அவ்வளவுதான்.

ஒரு கொறங்காடு நான்கைந்து ஏக்கரும் இருக்கும், பத்துப் பன்னிரண்டு ஏக்கரும் இருக்கும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே விட்டுவிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், அதன் இடுக்குகளில் செப்பு நெருஞ்சியும் நரிப்பயறும். ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. மேய்ப்பவன் கிடையாது. காலையில் கடவைத் திறந்து உருப்படிகளை உள்ளே விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த மாட்டினத்தைச் செம்மைப்படுத்திப் பெயர் வாங்கியது இந்த வட்டாரத்து மேய்ச்சலை நம்பித்தான். மாட்டின் வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. புல்லுக்கு வரலாறு எழுத ஆளில்லை.

புல்லைப் பார்த்து யாரும் மயங்கிவிடமாட்டார்கள். முழங்கால் அளவு, நல்ல மழை பெய்தால் இடுப்பளவு வளரும். கொத்துக் கொத்தாக எழும்பும். கதிர் விரல் நீளத்துக்கு, பஞ்சு ஒட்டிய நரிவாலைப் போல இருக்கும். முதலில் ஊதாச் சாயல், காய்ந்தால் வைக்கோல் நிறம். இதன் சூட்சுமம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. தூரின் அடிப்பகுதி, மண்ணை ஒட்டிய இடம், கட்டியாகத் தடித்திருக்கும். அடுத்த தளிருக்கு வேண்டிய மாவுச்சத்தை அங்கேதான் சேர்த்து வைக்கிறது. மாடு மேலே எவ்வளவு கடித்தாலும் அந்த அடி மிஞ்சினால் புல் மிஞ்சும். வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும். ஆகவே கோடையில் நீங்கள் பார்ப்பது வெறும் சாம்பல் நிறக் குச்சிகள். பட்டுப்போய்விட்டது என்று நிலத்தை விலைக்குக் கேட்க வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு நல்ல மழை விழட்டும், சில நாட்களில் அடியிலிருந்து பச்சை கிளம்பிவிடும். ஒருமுறை ஊன்றிய புல் பல ஆண்டுகள் நிற்கும். விழுந்த விதையிலிருந்து புதிதும் முளைத்துக்கொண்டே இருப்பதால், எங்கள் காட்டில் இருப்பது அப்பாரு விதைத்த புல்லா அதன் பேரப்பிள்ளைகளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மேய்ச்சலில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஐப்பசி மழை இறங்கியதும் காட்டை அடைத்துவிட வேண்டும். வாசலில் நின்று மாடு கத்தினாலும் திறக்கக் கூடாது. இளம்புல்லைப் பார்த்ததும் உருப்படிகளை விட்டுவிடுகிறவன், தூர் சேமிக்கும் முன்பே அதைக் கொள்ளையடிக்கிறான். கதிர் வந்து, விதை முற்றி, கொஞ்சம் தரையில் கொட்டியபிறகு, மார்கழிக் கடைசியிலோ தையிலோ திறப்போம். முதலில் மாடு. மாடு நாக்கால் சுருட்டி மேல்புல்லை இழுக்கும். அது தின்று விட்டதை ஆடு வந்து அடியோடு ஒட்டிக் கடிக்கும். எங்களிடம் மேச்சேரிச் செம்மறிகள். கம்பளி இல்லாத, செம்பட்டை நிற ஆடுகள், தோலுக்குப் பேர் பெற்றவை. நாலு காடு உள்ளவன் ஒன்றில் மேய்த்து, மூன்றை ஆறப் போடுவான். ஒரே காடு உள்ளவன் பாடு சிரமம். அவன் சோளத்தட்டை வாங்கிப் போட்டாவது காட்டை ஆற விடுவான், விடாவிட்டால் மூன்றே ஆண்டில் சரளைதான் மிஞ்சும். பங்குனியில் புல் சத்தற்றுப் போகும் நேரத்துக்குச் சரியாக வெள்வேலங்காய் விழ ஆரம்பிக்கும். ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. (அதே மரத்தின் பட்டையை வேறு ஒரு தொழிலுக்கும் ஊரில் பயன்படுத்தியதுண்டு. பட்டைச் சாராயம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

உலர்தீவனம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் படித்தவர்களும் எங்களூர்ப் பெரியவர்களும் முட்டிக்கொள்வார்கள். பூக்கும் பருவத்தில் அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுக் காயவைத்துப் போர் போட்டால் புரதம் வீணாகாது என்பது பாடம். பாடம் சரிதான். இளசாக இருக்கும்போது பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும் புரதம், முற்றிக் காய்ந்தபிறகு பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் எங்கள் பக்கம் புல் பூப்பது எப்போது? கார்த்திகையில். அப்போது வானம் மூடியிருக்கும், தரை நசநசவென்று இருக்கும். அறுத்துப் போட்ட புல் காயாது, பூஞ்சை பிடிக்கும். மார்கழியில் பனி. நல்ல வெயில் வரும்போது தை பிறந்திருக்கும், புல்லும் முற்றியிருக்கும். இராஜஸ்தானத்தில் இதே புல்லை ஆவணி, புரட்டாசியில் மழை நின்றதும் அறுத்து மலைபோல் போர் போடுகிறார்கள். அங்கே மழை முடிந்தால் வெயில்தான், புல்லும் பூத்த பதத்தில் கையில் கிடைக்கிறது. எங்கள் வானம் அப்படி அமையவில்லை. அதனால் எங்கள் பெரியவர்கள் அறுக்காமல் நின்றபடியே காயவிட்டார்கள். போர் போடவும் கூலி இல்லை, பிடுங்கிப் போடவும் கூலி இல்லை, மாடு தானே போய் எடுத்துக்கொள்ளும். குறையும் புரதத்துக்கு வெள்வேலங்காய், வயிறு நிரம்பச் சோளத்தட்டு. சத்து நட்டத்தையும் கூலி மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன். கார்த்திகையில் சில நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் ஆண்டுகளில் நான் ஓரக்காலில் கொஞ்சம் அறுத்துக் காயவைப்பேன். அந்தப் புல்லின் வாசனை தனி. சினை மாடுகளுக்கு மட்டும் எடுத்து வைப்போம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இவ்வளவு ஒத்துப்போகும் புல், குதிரைக்கு ஆகாது. இதில் ஆக்சலேட் கொஞ்சம் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதையே தின்னும் குதிரைக்கு நாளடைவில் எலும்பு பலவீனப்பட்டு முகம் வீங்கும். ஆஸ்திரேலியாவில் இது தெரிந்த நோய். இப்போது பண்ணை வீடு கட்டிக் குதிரை வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் பெருகியிருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

வேலிக்கு வருகிறேன். கொறங்காட்டின் முதல் என்று நான் கருதுவது கிளுவைதான். கிளையை வெட்டி வரிசையாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பத்து ஆண்டுகளில் ஆடு நுழையாது, இருபது ஆண்டுகளில் கோழி நுழையாது. கோடையில் இலை உதிர்த்து முள்ளாக நிற்கும், மழைக்குப் பச்சையாகும். அதில் பிரண்டை ஏறும், கோவைக்கொடி ஏறும், அடியில் கீரியும் கௌதாரியும் குடியிருக்கும். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்தான் இட்டேரி. மாடுகள் கட்டுத்தரையிலிருந்து காட்டுக்கு இட்டேரி வழியாகவே போய் வரும்; யார் வெள்ளாமையிலும் வாய் வைக்க வழியில்லை. கொங்கு நாட்டில் இட்டேரிகள் இல்லாமல் போய்க்கொண்டிருப்பதைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. அவற்றைத் தின்றது பொக்லைன். கிளுவை வேலி இரண்டு பக்கமும் சேர்ந்து பத்தடிக்கும் மேல் இடம் பிடிக்கும். கல்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அரை அடி போதும். செண்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும் காலத்தில் பத்தடி என்பது பணம்.

இந்த ஏற்பாட்டை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. கொறங்காடு நிலம் உள்ளவனின் ஏற்பாடு. வேலியை வெட்டிக் கட்டியவர்களும், ஆடு பார்த்தவர்களும், சாணம் அள்ளியவர்களும் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். அவர்களுக்கு ஆடு இருந்து மேய்க்க வேண்டுமென்றால் இட்டேரி ஓரமும் புறம்போக்கும்தான். வேலி என்பது உள்ளே இருப்பதைக் காப்பதோடு வெளியே இருப்பவரை நிறுத்தவும் செய்யும். இன்று காடுகளைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி வளர்ப்பவர்களில் முன்பு வேலிக்கு வெளியே நின்ற குடும்பங்களும் இருக்கின்றன. எங்கள் காடும் குத்தகையில்தான் இருக்கிறது. நான் திருப்பூரில் கணக்கு எழுதிக்கொண்டே கொறங்காடு நடத்த முடியாது.

புல் விதையைப் பற்றிச் சொன்னால் விஞ்ஞானம் வந்துவிடும், பரவாயில்லை. கொழுக்கட்டைப்புல்லின் விதை பெரும்பாலும் கருமுட்டை கருவுறாமலே உருவாகிறது. சூலகத்திலுள்ள தாயின் செல்லே விதையாகிவிடும். தகப்பனின் பங்கு கருவில் இல்லை. ஆகவே ஒவ்வொரு விதையும் தாயின் அச்சு. இப்படிப்பட்ட பயிரில் இரண்டு நல்ல குணங்களை ஒட்டுச் சேர்ப்பது பெரும்பாடு. 1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸில், முறையாகக் கருவுறும் ஒரு செடி அகப்பட்ட பிறகுதான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கலப்பு செய்ய வழி கிடைத்தது. அதற்கு முன்பே, 1949-இல், கென்யாவின் துர்க்கானா பகுதியிலிருந்து வந்த ஒரே ஒரு வகையை டெக்சாஸில் வெளியிட்டிருந்தார்கள். டி-4464 என்று பெயர். தகப்பன் இல்லாத விதை என்பதால் அந்த ஒரு செடியின் நகல்களே டெக்சாஸிலும் மெக்சிகோவின் வடக்கிலும் இலட்சக்கணக்கான ஏக்கரில் பரவின. பின்னால் ஓர் இலைக்கருகல் பூஞ்சை வந்தபோது அத்தனையும் ஒன்றுபோல் நோய்க்கு இடம் கொடுத்தன. எங்கள் காடுகளிலோ பார்த்தாலே தெரியும்படி பல வகை: சில கொத்துகள் நீலம் பூத்தவை, சில குட்டை, சில கதிர் கறுத்தவை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டதும் நீலக் கொழுக்கட்டைதான். கிராமத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். மாடு மட்டும் வித்தியாசம் தெரிந்து மேயும்.

என் அக்கா மகன் அரிசோனாவில் டூசான் நகரத்தில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை அவன் அனுப்பிய படத்தில், தொப்பி வைத்த பெரியவர்கள் கடப்பாரையும் கொத்தும் வைத்துக்கொண்டு மலைச்சரிவில் புல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். "மாமா, இது நம் காட்டுப் புல்தானே? இங்கே இதை ஒழிக்கக் கூலியில்லாமல் வந்து வேலை செய்கிறார்கள்" என்று எழுதியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, கொழுக்கட்டைதான். என் ஊரில் ஒரு கிலோ விதைக்கு ஆள் அலைகிறது, அங்கே அரசாங்கமே 2005-இல் அதைத் தீய களைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

காரணத்தைப் படித்துப் பார்த்தேன். சொனோரன் பாலைவனத்தில் செடிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெறும் மண். ஒன்று தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவ வழியில்லை. அந்த ஊரின் பெருமை சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளி. முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை அங்குலம்தான் வளரும். அப்புறம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் நிற்கும். தீயோடு அதற்குப் பழக்கமே கிடையாது. மேய்ச்சலுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் என்று கொண்டுவந்த கொழுக்கட்டைப்புல் வேலி தாண்டி, மேய்ச்சலே இல்லாத சரிவுகளில் அந்த வெறும் மண்ணை நிரப்பியது. காய்ந்தால் தரை முழுவதும் திரி. ஒரு பொறி போதும். தீ கள்ளியைக் கொல்கிறது, புல்லைக் கொல்வதில்லை. மண்ணை ஒட்டிய அந்தத் தடித்த தூர் பிழைத்துக்கொண்டு, அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. மாட்டின் பல்லைத் தாங்குவதற்காக நாங்கள் மெச்சுகிற அதே உறுப்பு அங்கே தீயைத் தாங்குகிறது.

ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இதே கதை. 1870-களில் ஒட்டகம் ஓட்டப் போனவர்களின் சேணங்களுக்குள் திணித்திருந்த காய்ந்த புல்லோடு விதையும் இறங்கியது. ஆப்கானியர்கள் என்று அவர்களை மொத்தமாகச் சொன்னாலும், இன்றைய பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சலுக்காகவும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் புழுதியை அடக்கவும் தாங்களே விதைத்தார்கள். குவீன்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணைக்காரர் இன்றும் அதை விட்டுக்கொடுக்கமாட்டார். தென் ஆஸ்திரேலியா 2015-இல் அதைக் களை என்று அறிவித்துவிட்டது. பூர்வகுடிகள் தங்கள் உணவுச் செடிகள் அதற்கடியில் மூச்சுமுட்டிச் சாவதாகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை.

என் மருமகன் கேட்டான், "அப்படியென்றால் நம் ஊரில் ஏன் மாமா தீப்பிடிப்பதில்லை?" முதல் பதில், இது நம் மண்ணுக்கு அந்நியமில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாக இந்தியா வரை இதன் சொந்த ஊர்தான், இதோடு சேர்ந்து வளர்ந்த செடிகொடிகள் இங்கே உண்டு. அது பாதி பதில். மீதிப் பாதி, தீக்காலம் வரும்போது எங்கள் காட்டில் எரிய எதுவும் இருக்காது. பங்குனியில் புல் மூன்று விரல் உயரத்துக்கு வந்திருக்கும். மீதி எல்லாம் மாட்டின் உடம்பிலும் ஆட்டின் உடம்பிலும் சாணக்குழியிலும் இருக்கும்.

ஆகவே எனக்கு இப்போது பயம் மேய்ச்சல் அதிகமாவதில் இல்லை, நின்றுபோவதில். காங்கேயம் மாடு பாலுக்கான மாடு கிடையாது. நல்ல பசுவே கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். அதை வைத்திருந்ததற்குக் காரணம் வேலை: கவலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க, ஏர் உழ, பாரவண்டி இழுக்க. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்; கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்குப் பம்புசெட் வந்தது, கவலை மெல்ல மெல்லப் போனது. டிராக்டர் வந்ததும் ஏர் போனது. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்து வாய்க்கால் தொட்ட இடங்களில் கொறங்காட்டைத் தோண்டித் தென்னை வைத்தார்கள். கடைமடையில் தண்ணீர் வருமா வராதா என்று அன்றிலிருந்து வானத்தையும் அதிகாரிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையோரக் காடுகள் மனைகளாயின. பிள்ளைகள் வெளியூர் போனதால் அடைத்தே கிடக்கும் காடுகளும் உண்டு. அவற்றில் இரண்டு மூன்று மழைக்குள் சீமைக்கருவேல் நுழைந்துவிடுகிறது. அதன் காயைத் தின்ற ஆடு புழுக்கையில் விதையைப் பரப்பும். முளைத்ததைப் பிடுங்க ஆளிருந்தால் சரி, இல்லாவிட்டால் நிழலடித்துப் புல்லைக் கொல்லும்.

அரசாங்கம் தீவனத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். முகாம் போட்டால் கம்பு நேப்பியர் கரணை இலவசமாகத் தருகிறார்கள். கோ 4 ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பச்சை தரும் என்கிறார்கள். கொழுக்கட்டைக்கு அவர்கள் சொல்வது 40 டன். பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினால் யாருக்கும் நேப்பியர்தான் புத்திசாலித்தனமாகத் தெரியும். அந்த 350 டன்னுக்குப் பின்னால் வாராவாரம் தண்ணீர், உரம், அறுக்க ஆள், சுமக்க வண்டி, துண்டாக்க இயந்திரம் எல்லாம் வரிசையில் நிற்பது பலகையில் வராது. ஆயிரம் அடி போட்டும் புகைவரும் போர்வெல் பூமியில் இருந்துகொண்டு அதை நம்ப முடியுமா? தண்ணீர் இருக்கிறவன் நேப்பியர் போடட்டும், பால்மாடு வைத்திருப்பவனுக்கு அதுதான் சரி. எனக்கு எரிச்சல் வேறிடத்தில். எங்கள் அடங்கலில் அந்தக் காட்டுக்கு நேரே எழுதியிருப்பது தரிசு. உழவில்லை, ஆகவே பயிர் இல்லை. பயிர் இல்லை, ஆகவே வறட்சி நிவாரணம் இல்லை, காப்பீடு இல்லை. ஒரு காட்டில் புல் காய்ந்து ஆடு விற்கும் நிலை வந்தால் அது யாருடைய கணக்கிலும் நட்டமில்லை. சூரிய ஒளி மின்சாரத்துக்கு நிலம் தேடி வருகிறவர்களிடம் இந்தப் பதிவேடு சொல்வது, இங்கே ஒன்றும் விளையவில்லை, வாருங்கள் என்பதுதான்.

குத்தகைக்காரர் சொல்லும் கவலை இன்னொன்று. கொறங்காட்டின் பெரிய வசதியே ஆளில்லாமல் விடலாம் என்பது. பட்டியில் ஆடு கிடக்கும், கிளுவை காக்கும். சில ஆண்டுகளாகத் தெருநாய்கள் கூட்டமாக வந்து கடிக்கின்றன. ஊரோரங்களில் கொட்டும் கோழிக் கழிவில் வளர்ந்த நாய்கள். வேலியில் சந்து இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து இராத்திரியில் நுழைந்து ஆடுகளைக் குதறிவிட்டுப் போகின்றன; தின்பதுகூட இல்லை. வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு நட்ட ஈடு கேட்டு மறியல் செய்ததைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குத்தகைக்காரர் போன ஆண்டு கிளுவைக்கு உள்பக்கமாகக் கம்பி வலை அடித்தார். செலவில் பாதியை நான் குத்தகையில் கழித்துக்கொண்டேன். கழித்த பிறகு மிஞ்சும் தொகையைச் சொன்னால், அந்த இடத்தை விற்று வங்கியில் போடலாமே என்று நீங்களும் சொல்வீர்கள். என் தம்பி தவறாமல் சொல்கிறான்.

நான் விற்காததற்கு இலட்சியம் காரணம் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்தக் காடு எனக்குச் செலவு வைப்பதில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் பங்காளி வெள்ளை ஈ வந்தால் தூங்குவதில்லை, தண்ணீர் வராவிட்டால் தூங்குவதில்லை, காய் விலை இறங்கினால் தூங்குவதில்லை. என் காடு மழை பெய்யாத ஆண்டில் சும்மா இருக்கும், பெய்த ஆண்டில் எழுந்துகொள்ளும். நான்கு மாதம் பார்க்கப் போகாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

சரி, பழுதுபட்ட காட்டைத் திரும்பப் பச்சையாக்க நினைப்பவர்களுக்கு. நாலைந்து பேர் விதை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தையில், கதிர் வைக்கோல் நிறமானதும் காலைப் பனி உலர்ந்த பிறகு கையால் உருவுங்கள். தாமதித்தால் காற்று உருவிவிடும். மூட்டை பெரிதாக இருக்கும், எடை இருக்காது. ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். உருவிய கையோடு விதைக்காதீர்கள். புது விதை ஆறிலிருந்து எட்டு மாதம் உறங்கும். தையில் கொட்டும் விதை கோடைமழைக்கு ஏமாந்து முளைத்துக் கருகாமல் இருப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆவணி, புரட்டாசியில் முதல் உழவு போட்டு, ஈரமணலோடு கலந்து தூவுங்கள். பஞ்சுபோல் இருப்பதால் தனியாகத் தூவினால் பறக்கும். ஆழம் வேண்டாம், மேலே ஒரு முள்கிளையை இழுத்துவிட்டால் போதும். எறும்பு தூக்கிப் போகும், ஆகவே மழைக்கு முந்தின நாள் தூவுவது உத்தமம். மழைக்கு முந்தின நாள் எது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். ஊடே கொஞ்சம் கொள்ளோ நரிப்பயறோ போடலாம். முதலாண்டு முழுக்க ஒரு ஆட்டைக்கூட உள்ளே விடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு இறுகினால் உழுது சோளம் விதைத்து, தட்டு எடுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விட்டுவிடுங்கள். போன தையில் உருவியதில் இரண்டு மூட்டை என்னிடம் மிச்சமிருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்; சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.